பாத்தியில் தொடங்கிய சாப்பாட்டுப் போட்டி

தம்பலகாமம் பக்கம் உள்ள ஓர் இளம் விவசாயிகள் கழகத்தோடு ஒரு பெரும்போகம், அதாவது மாரிமழைப் பயிர்க்காலம், முழுக்க அலைந்ததன் குறிப்பு இது. நான் விவசாயி இல்லை. திருகோணமலை நகரத்தில் கணக்கு எழுதுவது தொழில். வீட்டுத்தோட்டமும் சமையலும் பொழுதுபோக்கு. லீவு கிடைத்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். கழகப் பிள்ளைகள் கூடுவதும் அவரின் வீட்டு விறாந்தையில்தான். அப்படித்தான் இதற்குள் மாட்டிக்கொண்டேன்.

புரட்டாதி

வருடாவருடம் ஏதாவது ஒரு பாரம்பரிய உணவுப் போட்டி நடக்கும். இந்த வகைப் போட்டிகளைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, வாழையிலை, கரட்டில் செதுக்கிய ரோசாப்பூ. குரக்கன் (கேழ்வரகு) மா மட்டும் கடையில் வாங்கின பக்கெற். நடுவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி ருசி பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். பின்னேரம் பார்த்தால் போட்டிக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் சந்திக் கடையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள்.

விவசாயிகள் கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டு புள்ளியை எல்லாம் விரிப்புக்கும் கரட் பூவுக்கும் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் இப்போது ஃபோர்-எச் என்று அழைக்கப்படும் இளைஞர் கழகங்களின் தொடக்கம் என்று 1902 இல் ஒஹாயோவில் ஏ. பி. கிரஹாம் ஆரம்பித்த கழகத்தைச் சொல்வார்கள். பையன்களுக்குச் சோளக் கழகங்கள் வந்தன. 1910 இல் தென் கரோலினாவின் ஏய்க்கன் பகுதியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண்பிள்ளைகளுக்கு ஒரு தக்காளிக் கழகம் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். எங்கள் கணக்கில் 16 பேர்ச். அதில் தக்காளி நட்டு, பறித்து, தகரத்தில் அடைத்து, விற்க வேண்டும். அந்தக் கழகங்களில் வரவு செலவும் எழுத வேண்டும். விதையிலிருந்து காசு வரை ஒரே பிள்ளையின் கை.

நாங்களும் அப்படி ஒரு சட்டம் போட்டோம். ஆளுக்கு 2 பேர்ச் மேட்டுநிலம். போட்டிச் சாப்பாட்டின் முக்கியப் பொருள் அந்தப் பாத்தியில் விளைந்ததாக இருக்க வேண்டும். 100 புள்ளியில் பாத்திக்கு 35, வேலையும் வரவு செலவும் எழுதும் கொப்பிக்கு 25, ருசிக்கு 30, நின்று விளக்கிச் சொல்வதற்கு 10. அலங்காரத்துக்கு ஒன்றும் இல்லை.

"அப்ப வாழையிலையும் வெட்டக் கூடாதா அக்கா?" என்று ஒரு தங்கச்சி கண்கலங்கக் கேட்டாள். வெட்டலாம், புள்ளிதான் இல்லை என்றேன். இன்னொரு தம்பி கெட்டிக்காரன்: "கோதுமை மாவும் எங்கட ஊர்ச் சாமான்தானே அக்கா, சீனன்குடாவில்தானே அரைக்கிறாங்கள்?" அரைப்பது இங்கேதான், பிரிமா ஆலையில். ஆனால் கோதுமை கப்பலில் வருகிறது. இலங்கையில் கோதுமைப் பயிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டோடு பாண் விலை எங்கே போனது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஞாபகம் இருந்தது. அந்த வருடம் மரவள்ளியைத் திரும்பத் தேடிப்போன வீடுகள் இந்த ஊரிலும் உண்டு. சரி, கோதுமை மா வெளியே.

ஐப்பசி

பயிரை அவரவர் தெரிவுக்கு விட்டோம். பெரும்பாலும் குரக்கனும் பயறும். மணல் கலந்த காணி கிடைத்தவர்கள் கச்சான், அதாவது நிலக்கடலை. இரண்டு பேர் மட்டும் கீரை என்றார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். கீரைக்காரரை இதில் மறக்க வேண்டாம்.

குரக்கன் விதை கடுகு மாதிரிச் சிறியது. அள்ளி வீசினால் ஓரிடத்தில் கும்பலாக விழும். பெரியம்மாவின் தாயார், ஊருக்கே ஆச்சி, ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு காய்ந்த மணல் கலந்து வீசக் காட்டினார். முளைத்த பிறகு நெருக்கமானதைப் பிடுங்கி ஐதாக்க வேண்டும் என்று விவசாயப் போதனாசிரியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. முளைத்ததைப் பிடுங்குவது பாவம் மாதிரி ஒரு முகம். ஐதாக்கிய பாத்தியில் கதிர் கைவிரல் தடிப்பில் வந்தது; விட்ட பாத்தியில் தட்டைதான் வளர்ந்தது. இதை நான் சொல்லவில்லை, அவர்களின் கொப்பிகள்தான் சொல்லின.

பயறை உடனே போட விடவில்லை. இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலில் முற்றிவிடும் பயிர். ஐப்பசியில் விதைத்தால் மார்கழி மழையில் காய் முற்றும். முற்றிய காயில் மழை பிடித்தால் செடியில் நிற்கும்போதே உள்ளே முளை விட்டுவிடும். கார்த்திகைக் கடைசிவரை பொறுத்துத்தான் போட்டோம்.

கார்த்திகை, மார்கழி

மழை. எழுத ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார்கள், களை பிடுங்கினார்கள், காய்ச்சல் வந்து படுத்தார்கள்.

தை, மாசி

பொங்கலுக்கு முன்னாலேயே மயில் வந்துவிட்டது. பழைய கசெட் நாடாவைத் தடிக்குத் தடி இழுத்துக் கட்டினால் காற்றில் ஒரு ரீங்காரம் வரும். கிளி அதற்குப் பயப்படுகிறது. மயில் கொஞ்ச நாள் யோசித்துவிட்டுப் பிறகு நாடாவுக்குக் கீழே குனிந்து போகிறது. முறை வைத்துக் காவல் இருந்ததுதான் உதவியது.

குரக்கன் கதிர் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. மண்ணிறமானதைப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். காயவைத்து, தடியால் அடித்து, சுளகில் புடைத்து முடிக்க ஒரு பாத்திக்கு ஐந்தாறு கிலோ தேறியது. ஆனால் அதில் மண் இருக்கிறது. குரக்கன் ரொட்டி என்றதும் பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் ருசி இல்லை, பல்லில் நறுக்கென்று கடிபடும் மணல் என்பது என் கட்சி. ஆச்சி உட்பக்கம் வரிவரியாக உள்ள அரிக்கன்சட்டியை எடுத்துவந்து, தண்ணீர் விட்டு அலம்பி அலம்பி, தானியத்தை மேலால் சரித்து, மண்ணை வரிகளுக்குள் தங்கவைத்தார். பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தச் சட்டி எதற்கென்று தெரிந்திருக்கவில்லை. மாசி வெயிலில் காயவைத்தது பிறகு மொரமொரவென்று கைக்கு வந்தது.

அடுத்த தலையிடி மில். தனித்தனியாக இரண்டு கிலோ கொண்டுபோனால் முன்னால் அரைத்தவரின் மிளகாய்த்தூளும் சேர்ந்து வரும். எல்லாருடையதையும் சேர்த்து அரைத்தால் யாருடைய பாத்தி என்ற கதையே போய்விடும். கடைசியில் பெரியம்மா வீட்டுப் பின்பக்கம் கிடந்த திரிகை வெளியே வந்தது. அரைக்கத் தோள் வலிக்கும். ஆனாலும் மா கொஞ்சம் கரடாக வருவதால் பிட்டுக்கு அது மில் மாவை விட நல்லது.

சமைத்துப் பார்த்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குரக்கன் மாவில் கோதுமையில் இருக்கும் இழுவை கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி தட்டும்போதே ஓரம் வெடிக்கும். கொதிநீர் விட்டு அகப்பையால் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் பிசைந்தால் மா தானாகக் கூடிவரும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்துவிட வேண்டும். கனம் குறைவாகத் தட்டினால் காய்ந்த தோல் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் மொத்தமாக இருக்கட்டும்.

பிட்டுக்கு இரண்டு பங்கு குரக்கனுக்கு ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசி மா. உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து, ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் தேங்காய்ப்பூவோடு அவித்தோம். குழலில் அவிப்பதை விடப் பெட்டியில் ஆவி சீராக ஏறுகிறது. ஓலை வாசமும் சேர்கிறது. ஒரு பிள்ளை கூழ் பக்கம் போனான்: மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் காய்ச்சி, ஆறினதும் எருமைத் தயிர் அடித்த மோர் ஊற்றி, வெங்காயம் நறுக்கிப்போட்டான். சட்டித் தயிருக்கு எங்கள் பக்கம் கேட்கவே தேவையில்லை. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். மண்சட்டியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், தயிர் வெட்டி எடுக்கும் பதத்தில் உறையும்.

குரக்கனில் சுண்ணாம்புச்சத்து நிறைய. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அதே அளவு பசுப்பாலில் சுமார் 120 தான். இதைச் சொல்லும் பலரும் சொல்லாமல் விடுவது: தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் அந்தச் சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. புளிக்க வைத்தாலும் முளைக்க வைத்தாலும் அந்த அமிலம் குறையும். ஆச்சி கூழைப் புளிக்க வைப்பது ருசிக்காகத்தான், ஆனால் கணக்கு இந்தப் பக்கமும் சரியாக வருகிறது. இதைக் கூழ்க்காரப் பையனுக்கு விளக்கிச் சொன்னேன். போட்டியன்று அவன் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொன்னான்.

கீரைக்காரர்கள் இலைக்கஞ்சி. சிவப்பரிசியை உள்ளியோடு குழைய வேகவைத்து, வல்லாரையும் முருங்கையிலையும் அரைத்து வடித்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதியில் இறக்கி, தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். கூட நேரம் கொதித்தால் பச்சை போய்ச் சேற்று நிறம் வரும், பிறகு ஒரு பிள்ளையும் தொடாது. தேசிக்காய் பிழிந்து குடித்தால் இலையில் உள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

பங்குனி, போட்டி நாள்

நடுவர்கள் மூன்று பேர்: விவசாயப் போதனாசிரியர், ஆச்சி, சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன். கடைக்கார அண்ணனைக் கூப்பிடும் யோசனை பெரியம்மாவுடையது. இந்தப் போகத்தில் எடுத்த ஆகச் சிறந்த முடிவு அதுதான். மற்ற இருவரும் "நல்லாயிருக்கு பிள்ளை" என்று சொல்லும் இடத்தில் அவர் வேறு கேள்வி கேட்டார். "தம்பி, இது காலையில அவிச்சா மத்தியானம்வரை தாங்குமா?" "இதை எவ்வளவுக்கு விப்பாய்?" குரக்கன் ரொட்டி ஆறினதும் விறைப்பதைப் பிய்த்துக் காட்டினார். இலைக்கஞ்சி பிளாஸ்கில் நின்றால் நிறம் மாறும் என்றார். பிட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டார்.

பாத்தியைப் போதனாசிரியர் முந்தின கிழமையே போய்ப் பார்த்துப் புள்ளி போட்டிருந்தார். கொப்பி என் பங்கு. இங்கேதான் சண்டை வந்தது. பிள்ளைகள் விதைக்கும் எருவுக்கும் செலவு எழுதியிருந்தார்கள், சொந்த உழைப்புக்கு எழுதவில்லை. "எங்கட கைதானே அக்கா, அதுக்கு யார் காசு கேக்கிறது?" கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிடக் கோபம் வர வேறு வசனம் தேவையில்லை. எல்லாரையும் இருத்தி, களை பிடுங்கிய நேரம், காவல் இருந்த நேரம், அரைத்த நேரம் எல்லாவற்றையும் ஊர்க் கூலிக்குப் பெருக்கவைத்தேன். குரக்கன் எல்லாருக்கும் நட்டம். கடையில் பக்கெற் மா அதைவிட மலிவு. பயறு கையைக் கடிக்கவில்லை. சுத்த லாபம் கீரைக்கு மட்டும்தான்: தை பிறந்ததிலிருந்து கிழமைக்குக் கிழமை வெட்டி, கட்டுக்கட்டி, வழியிலேயே விற்றுவிட்டார்கள்.

சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. முதல் பரிசு என்றாலும் கூழ்க்காரப் பையனுக்குத்தான் போனது. அவனுடைய கொப்பியில் மயில் தின்ற வரிசையும் ஐதாக்காமல் விட்ட மூலையும் அளவோடு இருந்தன. பரிசு ஒரு புது மண்வெட்டி.

பிறகு

போட்டிக்கு அடுத்த ஞாயிறே கடைக்கார அண்ணன் ஆள் அனுப்பினார்: பிட்டும் கஞ்சியும் காலையில் வைத்துப் பார்க்கலாமாம். வைத்தோம். பிட்டு முடிகிறது. கஞ்சி சில நாள் மிஞ்சுகிறது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் வாங்குகிறார்கள், ஆட்டோக்காரத் தம்பிமார் இன்னும் ரீயும் பணிஸும்தான். பரவாயில்லை. போட்டிக்கு வந்த கூட்டத்தில் கால்வாசி கூட ஞாயிறு காலையில் வராது, ஆனால் வருகிறவர்கள் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அதுதான் கணக்கு.

குரக்கனை விடுவதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் திரிகைக்குப் பதிலாக, சேர்த்து அரைத்து நிறைப்படி பிரிப்பது என்று பேசிவைத்திருக்கிறார்கள். மிளகாய் அரைக்காத மில் ஒன்றைத் தேட வேண்டும். சிறுபோகத்துக்கு எள்ளு. சித்திரை ஈரத்தில் விதைத்தால் பிறகு வரும் கச்சான் காற்று என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காயவைக்கக் கஷ்டம் இருக்காது. எள்ளுப்பாகு கெடாமல் நாட்கணக்கில் இருக்கும் சாமான் என்பதால் கடைக்கார அண்ணனுக்கும் சந்தோசம்.

புள்ளிச் சட்டத்தில் ஒரு திருத்தம்: ருசியிலிருந்து 10 எடுத்து, "எவ்வளவுக்கு விற்பாய், எவ்வளவு நேரம் தாங்கும்" என்ற கேள்விக்குக் கொடுக்கிறோம். அலங்காரத்துக்கு 5 புள்ளி வேண்டும் என்று அந்தத் தங்கச்சி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுப்பதாக இல்லை.