“நல்லாத்தானே பேசுறான்?”

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு மூணு நடை. ஆறு வயசுப் பையனுக்கு ஆட்டிசம் சான்றிதழும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கத்தான்.

முதல் நடை வீணானதில் என் தப்பும் உண்டு. பிரவுசிங் சென்டர் தம்பி விண்ணப்பத்தில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று தட்டிவிட்டான், நானும் பார்க்காமல் சரியென்றேன். 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் தனி வகை. “மாத்திட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். பதிவதை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒன்பது மணிக்கு டோக்கன், கூப்பிட்டது ஒன்றரைக்கு. மைக்கில் பேர் வாசிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்தான். உள்ளே மேசையில் இருந்தவர், “உன் பேர் என்னப்பா?” என்றார்.

“உன் பேர் என்னப்பா?” என்றான் இவனும், அதே ராகத்தில்.

“நல்லாத்தானே பேசுறான்? கைகாலும் நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா இது?”

கேட்டதையே திருப்பிச் சொல்வது ஆட்டிசக் குழந்தைகளிடம் சகஜம் என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். மனநல நிபுணர் அன்றைக்கு லீவாம். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். இவன் இப்போது புரண்டு கத்தினால் தேவலையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பெத்தவள் நினைக்கிற நினைப்பா அது?

வரிசையில் இருந்த அரூர்ப் பாட்டி ஒருத்தர்தான் வழி சொன்னார்: “வீட்ல பண்றதை போன்ல புடிச்சு வச்சுக்கோ கண்ணு. நிபுணர் இருக்காங்களான்னு கேட்டுட்டு கெளம்பு.”

மூன்றாம் நடையில் அந்த வீடியோக்கள் கைகொடுத்தன. ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கும் ஐசா (ISAA) என்கிற மதிப்பீட்டில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பெரும்பாலும் நம் பதிலை வைத்துத்தான் போடுகிறார்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராமல் ‘அடிக்கடி’ என்பதை ‘எப்பவாவது’ என்று சொல்லிவிடுவோம், நானே இரண்டு இடத்தில் திருத்திச் சொன்னேன். மொத்தம் 112 வந்தது, 70 சதவீதம். சலுகைகள் பெரும்பாலும் 40-இலிருந்தே கிடைக்கும்.

முறுக்குப் பொட்டலமும் காதுமூடியும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அட்டை போன வாரம் தபாலில் வந்தது. இனிஷியல் தப்பு. திருத்தத்துக்குப் போட்டிருக்கிறேன், இந்த முறை நானே தட்டி.