தடுப்பூசி அறைக்கு வெளியே

ஊசி போடும்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று தடுப்பூசி அறையில் நர்ஸுகள் நாங்களே அம்மாக்களிடம் சொல்வோம். வலி குறையும் என்பதால் உலக சுகாதார நிறுவனமும் 2015இல் இதைப் பரிந்துரைத்தது. தொடையில் ஊசி இறங்கியதும் பிள்ளை வாயை எடுத்து வீல் என்று கத்தும், மறுநொடியே மார்பைக் கவ்விக்கொள்ளும். அறையில் யார் நின்றாலும் ஒரு வார்த்தை வராது. அதே அம்மா வெளியே காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து கொடுத்தால் மட்டும் ஆளாளுக்கு நெளிவார்கள்.

முறைத்துப் பார்ப்பவர்கள்தான் சிக்கல் என்று நினைப்போம். அவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை ஓர் அம்மாவை எழுந்து போகவைப்பது பெரும்பாலும் அக்கறைதான். "அந்தப் பக்கம் திரும்பி உட்காரும்மா", "நல்லா மூடிக்கோ". சொல்பவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். முறைப்பவரைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். நல்லதுக்குச் சொல்பவரிடம் என்ன பேசுவது?

முதல் பிள்ளைக்காரி ஒருத்தி. பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு அவள் தோளில் முட்டி முட்டித் தேடியது. பசியின் ஆரம்ப அறிகுறி அதுதான், அழுகை கடைசியில் வருவது. பக்கத்திலிருந்த அம்மாள் தன் சால்வையை எடுத்துப் பிள்ளையின் தலையோடு போர்த்திவிட்டார். உள்ளே புழுக்கம். பிள்ளை உதைக்க, துணி நழுவ, அவள் துணியைப் பிடிப்பாளா, பிள்ளையின் கழுத்தைத் தாங்குவாளா? அழுகை உச்சத்துக்குப் போனபின் வாய் சரியாகப் பற்றவே இல்லை. "பால் வரலை சிஸ்டர்" என்று கண் கலங்கினாள். பால் இருந்தது. பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் பாலை வெளியே தள்ளுகிறது; பதற்றம் அதைச் சற்று நேரம் தடுத்துவிடும். சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டு அவளோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் குடித்தது.

பாலூட்டும் அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. தனிமை விரும்புகிறவர்களுக்கும், பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டியவர்களுக்கும் அது அவசியம். ஆனால் அறை வந்ததும் "அதான் ரூம் இருக்கே" என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. பச்சிளம் பிள்ளை நாளுக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். ஒவ்வொரு முறையும் அறை தேடி ஓடுவதென்றால் அவள் வீட்டை விட்டுக் கிளம்பவே வேண்டியதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று அவளுக்கு ஓயாமல் உபதேசிப்பதும் நாம்தான். ஆஸ்திரேலிய செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் 2017இல் அவையிலேயே தன் மகளுக்குப் பால் கொடுத்தது உலகம் முழுக்கச் செய்தியானது. பிள்ளை பசியாறியதெல்லாம் ஒரு செய்தியா!

இப்போதெல்லாம் "அந்தப் பொண்ணை உள்ளே அனுப்புங்களேன் சிஸ்டர்" என்று யாராவது வந்தால், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் நாற்காலியை அவருக்குக் காட்டுகிறேன். சிலர் மாறி உட்காருவார்கள். ஒருவர் மேலிடத்தில் புகார் கொடுத்தார். கூப்பிட்டுக் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார்கள்.