பழைய ஒரு அங்குல வரைபடத்தில் தோணா தேடியது

எங்கட பகுதியில மாரி வெள்ளம் வந்தா ஒரே வாக்குவாதம்தான்: தண்ணி முந்தி எந்தப் பக்கத்தால வாவிக்கு இறங்கினது? மூத்தவர்கள் தோணா, அதாவது வெள்ளம் வாவிக்கு வடியுற இயற்கை வாய்க்கால், ஓடியதாகக் காட்டுற இடத்தில இப்ப மதிலும் வீடும். அதை ஆதாரத்தோட காட்டத்தான் மாமாவின்ட பெட்டியில கிடந்த மட்டக்களப்பு வரைபடத்தை எடுத்தேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலத் தாள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், 1:63,360. ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் கல்லடிப் பாலம் கீறியிருக்கிறதால 1924க்கு முந்தியதில்லை.

மாமா அந்தக் காலத்தில் நில அளவையாளர்களோட சங்கிலி பிடிச்சவர். "ரோலர் ஸ்கேனருக்குள்ள விடாத மனே, துணி கழண்டிரும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தாளைத் துண்டுகளாக வெட்டி, மடிக்க வசதியாக நெல்மணி அகல இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டியிருந்தார்கள். தாளில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் 63 மீற்றர். முழுத் தாளையும் ஒரே படமாக இன்றைய செய்மதிப் படத்தின் மேல் பொருத்தினால் அந்த இடைவெளிகளே தெருக்களைத் தள்ளிவிடும். அதனால் விறாந்தை வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டையும் நேர் மேலிருந்து தனித்தனியாகப் படமெடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தனித்தனியாகவே பொருத்தினேன்.

பொருத்தும் புள்ளிகளுக்குக் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் நம்புங்க. புளியந்தீவுக் கோட்டையின் மூலைகள், பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலத்தின் இரு முனைகள். செய்மதிப் படத்தில் பாலம் இரண்டு தெரியும். 2013இல் திறந்த புதுப்பாலத்தை விட்டுப் பழையதை எடுக்க வேண்டும். கடற்கரையைத் தொடவே கூடாது, முகத்துவாரத்து மணல் ஒரு மாரிக்கு நின்ற இடத்தில் மறு மாரிக்கு நிற்காது. அடையாளம் இல்லாத துண்டுகளுக்கு விளிம்பில் உள்ள அகலாங்கு, நெட்டாங்கு உதவும். அவை கந்தவல டேட்டத்தில், அதாவது இலங்கையின் பழைய வரைபடங்களுக்கான ஆள்கூற்று அடிப்படையில், உள்ளவை. அதைத் தெரிவு செய்யாமல் இன்றைய ஜிபிஎஸ் முறையில் விட்டால் இந்தப் பக்கத்தில் எல்லாம் கிட்டத்தட்ட 200 மீற்றர் தள்ளி விழும்.

பொருத்தி முடிய, நீலக் கோடு ஒன்று இரண்டு ஒழுங்கைகளுக்குக் குறுக்கே போய் வாவியில் விழுந்தது. மூத்தவர்கள் காட்டின அதே பக்கம். இந்த அளவுத்திட்டத்தில் எந்த வளவு என்று சொல்ல ஏலாது; எந்த ஒழுங்கை என்று சொல்லலாம். மாரிக்கு முன் வடிகான் வெட்டுவது பற்றிப் பேச அது போதும். படத்தை அச்சடித்துக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன்.

கல்முனைப் பக்கத்துத் தாள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க. நான் வந்தே படமெடுக்கிறேன், தாள் வீட்டை விட்டு வெளியே வரத் தேவையில்லை.