தோணிக்கு நிழல் விழுத்திய கதை

கனடாவில் இருக்கும் சின்னம்மாவுக்கு வருகிற செப்டெம்பரில் 70 வயது. பிறந்து வளர்ந்தது மட்டக்களப்புக் கல்லடியில். அவருக்கு அனுப்பும் வாழ்த்து மடலில் ரோசாப்பூவும் பலூனும் வேண்டாம், எங்கள் வாவி இருக்கட்டும் என்று நினைத்தேன். மேல் பாதியில் ஒரு தோணி, தூரத்தில் பழைய கல்லடிப் பாலம், கீழ்ப் பாதியில் இரண்டின் நிழலும் தண்ணீரில்.

மை தொட்டு அட்டையில் குத்த, கடைகளில் இப்படி ஒரு அச்சு கிடைக்காது. நானே வெட்டினேன். படம் வெட்டுவதற்கென்று விற்கும் மெல்லிய இறப்பர் கட்டி ஒன்று கைவசம் இருந்தது. படத்தை ட்ரேசிங் பேப்பரில் பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கத்தை இறப்பரில் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தேன். பென்சில் கரி அப்படியே இறப்பரில் ஒட்டிக்கொள்ளும். படம் இடம் வலம் மாறி விழும். அது நல்லதுதான், அச்சு குத்தும்போது இன்னொரு முறை மாறி நான் வரைந்த மாதிரியே வந்துவிடும். தோணியின் இடது முனையில் ஒருவர் நின்று கம்பு ஊன்றுகிறார். கம்பு இடப்பக்கம் சரிந்திருக்கிறது. பாலத்துக்குத் தனியாக ஒரு நீள அச்சு. 1924இல் திறந்த இரும்புப் பாலம் அது. 2013இல் பக்கத்திலே புதுப்பாலம் வந்த பிறகும் சின்னம்மாவுக்குப் பாலம் என்றால் இதுதான்; பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனதை இன்றைக்கும் சொல்லுவார்.

முதல் அட்டையில் தோணியை மேலே குத்தினேன். அப்புறம் அதே அச்சைத் தலைகீழாகத் திருப்பிக் கீழே குத்தினேன். பாலத்துக்கும் அப்படியே. எனக்குச் சரியாகத்தான் பட்டது. பின்னேரம் அப்பா வந்து பார்த்தார். சின்ன வயதில் வாவியில் வலை போட்டவர். அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"என்ன மனே இது, ஆள் இந்தக் கோடியில நிற்கான், நிழல் அந்தக் கோடியில விழுகுது?"

அப்போதுதான் கண்ணில் பட்டது. மேலே ஆள் இடது முனையில். கீழே தலைகீழாக, ஆனால் வலது முனையில். அச்சைத் திருப்பினால் மேல் கீழ் மட்டும் மாறுவதில்லை, இடமும் வலமும் சேர்ந்தே மாறிவிடுகிறது. தண்ணீர் அப்படிச் செய்யாது. ஆள் நிற்கிற இடத்துக்கு நேர் கீழேதான் நிழல் விழும், கம்பும் அதே பக்கம்தான் சரியும். பாலத்தில் மட்டும் பிழை தெரியவில்லை. அதை நான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டியிருந்ததுதான் காரணம். ஆகவே பாலத்துக்குத் திருப்பிக் குத்துவது போதும். தோணிக்கு முதலில் இடம் வலம் மாறிய ஒரு எதிர்ப்படம் வேண்டும், அதைத்தான் தலைகீழாக வைக்க வேண்டும்.

எதிர்ப்படம் எடுப்பது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் ஒரு கையில் மருதோன்றி போட்டு, காய முன்னம் மற்றக் கையோடு ஒட்டி எடுப்போம். அதே வேலைதான். அச்சை நேரே அட்டையில் குத்தாமல் மை குடிக்காத வழுவழுப்பான ஒன்றில் முதலில் குத்தி, அது ஈரமாக இருக்கும்போதே அட்டையில் கவிழ்த்து அழுத்த வேண்டும். எதில் குத்துவது என்பதில்தான் இரண்டு கிழமை போனது.

முதலில் ஓஎச்பி தாள், புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மாதிரி என்பதால் கவிழ்த்த பிறகும் படம் எங்கே விழப்போகிறது என்று பின்பக்கமாகத் தெரியும். இடம் பிடிக்க இதைப்போல வசதி வேறு இல்லை. ஆனால் மை அதில் நிற்கவில்லை. சாய மை முத்து முத்தாகத் திரண்டது. கெட்டியான பிக்மென்ட் மை நின்றது, கவிழ்க்கும்போது வழுக்கியது. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கம்பு இரண்டாகிவிடுகிறது.

நோன்பு நேரத்தில் பக்கத்து வீட்டில் இருந்து வரும், ஜெலி மாதிரி இறுகும் கடற்பாசி ஞாபகம் வந்தது. அவ்வளவு வழுவழுப்பாக வேறு எது இருக்கிறது? சீனி போடாமல் தட்டில் காய்ச்சி ஊற்றிப் பார்த்தேன். படம் அழகாக எடுத்தது. ஆனால் கடற்பாசி இறுகிய பிறகும் மெல்ல மெல்லத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் கோடெல்லாம் ஊறிப் பரவிவிட்டது. மங்கலான மேகம் மாதிரி ஒரு பின்னணி வேண்டுமென்றால் இது நல்ல வழி. மூன்று அட்டைக்கு வானம் இப்படித்தான் எடுத்தேன். தோணிக்குச் சரிவராது. சைக்கிள் டியூப் துண்டும் பார்த்தேன், வளைவு போகவில்லை, விட்டுவிட்டேன்.

கடைசியில் விடை மேசையிலேயே இருந்தது. தோணி வெட்டி மிஞ்சிய இறப்பர் கட்டியின் வெட்டாத பக்கம். தட்டையானது, கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அட்டையின் மேடு பள்ளத்துக்கெல்லாம் போய்ப் படியும். புதிதாக இருக்கும்போது அதன் மேல் ஒரு மாவு மாதிரிப் படலம் உண்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவி, மிக மெல்லிய மண்தாளால் ஒரு முறை தடவினேன். அதற்குப் பிறகு மை திரளவில்லை. இறப்பருக்குள்ளால் பார்க்க முடியாது என்பதால், அதைத் தோணி அச்சின் அளவுக்கே வெட்டி, நீர்மட்டம் வரும் விளிம்பில் பேனையால் ஒரு கோடு போட்டேன். குத்தும்போது அச்சின் விளிம்பும் அந்தக் கோடும் பொருந்த வேண்டும். அட்டையில் கவிழ்க்கும்போது அதே கோடு மேல் தோணியின் அடிக்கு நேரே வர வேண்டும். ஓஎச்பி தாளின் வசதி இந்த ஒரு கோட்டில் கிடைத்துவிட்டது.

மை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் இதைத் தொடங்கியது கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கும் காலம். அந்தச் சூட்டில், மின்விசிறிக்குக் கீழே இருந்து சாய மையைக் குத்தினால் கவிழ்க்க முன்னமே பாதி காய்ந்துவிடும். யன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கத்தான் செய்தேன். காய்வது போலிருந்தால் இறப்பருக்குக் கிட்டே வாயை வைத்து 'ஹா' என்று ஒரு மூச்சு ஊதினால் மை திரும்ப உயிர் பெறும். இரண்டு தடவைக்கு மேல் ஊதக்கூடாது, கோடு கசியும். கந்தோர்களில் பாவிக்கிற நீல மைப்பெட்டி இதற்கு மிகவும் பொருத்தம். அது காய நேரம் எடுக்கும். இறப்பரில் நன்றாகக் காத்திருக்கும். பளபளப்பு அட்டையில் மட்டும் பாவிக்க வேண்டாம், அடுத்த நாளும் கையில் ஒட்டும். சாதாரண பிரிஸ்டல் போட் அட்டை போதும்.

கவிழ்த்து எடுக்கும் படம் எப்போதும் நேரே குத்தியதைவிட மங்கல். பாதி மை இறப்பரிலேயே தங்கிவிடும் அல்லவா? முதலில் இதைக் குறை என்று நினைத்து மையைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன், கோடு தடித்ததுதான் மிச்சம். பிறகு ஒரு நாள் காலையில் பாலத்தடியில் நின்று பார்த்தேன். தண்ணீரில் விழுந்த தோணி மேலே இருக்கும் தோணியைவிட ஒரு படி மங்கலாகத்தான் இருந்தது. அன்றைக்கே மையைப் பழைய அளவுக்குக் குறைத்தேன்.

மடலின் உள்பக்கத்துக்கு எதிரெதிரே பார்க்கும் இரண்டு மீன் வேண்டும். மீன்பாடும் தேன்நாடு என்று பெயர்பெற்ற மட்டக்களப்பில் இருந்து போகும் மடலில் மீன் இல்லாமலா? ஒரே ஒரு மீன் அச்சுத்தான் வெட்டினேன், வலம் பார்க்கும் மீன். இடம் பார்க்கும் மீனைக் கவிழ்த்து எடுத்தேன். இங்கே ஒன்று கறுப்பு, ஒன்று மங்கல் என்றால் சோடி மாதிரி இராது. அதனால் நேரே குத்தும் மீனை முதலில் ஒரு கழிவுத் தாளில் ஒரு தரம் குத்தி மையைக் குறைத்துவிட்டு, திரும்ப மை தொடாமல் அட்டையில் குத்தினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. 'வாழ்த்துக்கள்' என்ற எழுத்து அச்சை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. எழுத்து எல்லாம் பின்பக்கமாக ஓடும். ஒவ்வொரு முறையும் இறப்பரை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால்தான் அடுத்த படத்தில் பழைய மீனின் வால் தெரியாது.

இதுவரை 11 அட்டை செய்ததில் தோணியும் நிழலும் நீர்மட்டத்தில் சரியாகச் சந்தித்தது 4. மற்றதில் ஒரு நூல் இடைவெளி. அதில் வெள்ளை ஜெல் பேனையால் இரண்டு அலைக்கோடு இழுத்தால் அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கிறது. நாலில் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ஆளையும் கம்பையும் விரலால் மேலிருந்து கீழே தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சரி. ஆனா கச்சானுக்குத் தண்ணி இப்பிடி அசையாம நிற்காது மனே. விடியக் காலையா இருக்கும் இது."

மடலின் பின்பக்கத்தில் 'கல்லடி, விடியற்காலை' என்று எழுதினேன். நாளைக்குத் தபால் கந்தோருக்குக் கொண்டு போக வேண்டும்.