பாபநாசத்துக்கு மட்டும் ஒன்பது எழுத்து

மூன்று ராத்திரி போச்சு. பைத்தான் நிரல்மொழியில் அணை நீர்மட்டக் கணக்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்பாசமுத்திரத்து அத்தான் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரிகளை ஒரு ஃபைலில் ஒட்டி, அணை, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று பிரித்து, முழு உயரத்தோடு (பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118) ஒப்பிட்டு சதவீதம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் வரியைத் துண்டாக வெட்டும் ஸ்ப்ளிட்டுக்குள், வெட்ட வேண்டிய இடமாக ஒற்றை இடைவெளியைக் கொடுத்திருந்தேன். ஜங்ஷன் பக்கம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொள்ளும், ஒரு தட்டுக்கு ரெண்டு மூணு விழும் (கீபோர்டு மாற்றக் கேட்ட விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு லேப்டாப்பே வாங்கலாம்). நான் கையால் திருத்திய வரிகளில் எல்லாம் நடுவே எழுத்தே இல்லாத காலித் துண்டுகள். அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் விட்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது: இடைவெளி, டேப், வெப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் யூனிகோடில் 160-ஆம் எண் உடையா இடைவெளி (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) எல்லாம் ஒன்றுதான், எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே வெட்டு, முன்னும் பின்னும் இருப்பது தானே உதிர்ந்துவிடும்.

ஆனால் 'வடக்கு பச்சையாறு' என்ற அணையின் பெயர் இரண்டு துண்டாகி, பச்சையாற்றை எண்ணாக மாற்றப் போய் எரர். சரி, ஆர்ஸ்ப்ளிட்டில் நன் (None, எந்த வெள்ளை இடமானாலும்), 3 என்று கொடுத்து வலமிருந்து மூன்று வெட்டு மட்டும் வெட்டினேன். பெயர் முழுசாக நின்றது.

எல்லா அணையும் வந்தது, பாபநாசம் மட்டும் கீ எரர்: முழு உயரங்களை வைத்திருக்கும் டிக்‌ஷனரியில் அப்படி ஒரு பெயரே இல்லையாம். திரையில் பார்த்தால் அதே பாபநாசம். திரும்பத் தட்டினேன், டிக்‌ஷனரியில் இருப்பதைக் காப்பி செய்து ஒட்டினேன், இரு முனையிலும் உள்ள வெள்ளை இடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டேன், ம்ஹூம். கடைசியில் நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பார்த்தால் 9. ப, கால், ப, ந, கால், ச, ம, புள்ளி, எப்படி எண்ணினாலும் எட்டுதானே? முதல் எழுத்தை, அதன் யூனிகோடு எண்ணைச் சொல்லும் ஆர்டில் போட்டேன்: 65279. பாம் (BOM, பைட் ஆர்டர் மார்க்). அந்த லேப்டாப்பில் கிடந்த பழைய எடிட்டர் சேமிக்கும்போது ஃபைலின் தலையில் வைத்த குறி. பாபநாசம் எப்போதும் முதல் வரி, அதனால் அடி அதற்கு மட்டும். பெயரைத்தான் மாற்றி மாற்றித் தட்டினேனே தவிர, அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததைத் தொடவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் இதை வெள்ளை இடம் என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும், பைத்தானின் ஸ்ட்ரிப்பும் ஸ்ப்ளிட்டும் சீண்டாது. 8203-ஆம் எண் சுழிய அகல இடைவெளியையும் பைத்தான் சீண்டாது, பெயரில்தான் இடைவெளி. ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றினேன், போய்விட்டது.

அடுத்து மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய ஊர்களின் மழைக் கணக்கையும் சேர்க்க நினைத்து ப்ரோகிராமைக்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்குள் நேற்று அத்தான் வடக்கு பச்சையாற்றில் வரத்தைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறார். மற்ற அணை என்றால் மூன்று துண்டு வந்து எண்ணிக்கையிலேயே பிடிபட்டிருக்கும். இதில் வெட்டு ஒன்று மிஞ்சி, பெயரையே பிளந்து, சரியாக நான்கு துண்டு! "காலியா விடாதீங்க, பூஜ்யமாவது போடுங்க அத்தான்" என்று போன் செய்தேன்.

"ஏல, அளந்தே சொல்லல, நான் எப்படி பூஜ்யம் போட?" என்கிறார்.