அம்மாவின் கையில் 14 நாள்

9 ஜனவரி 2025, வியாழன், ஸ்ரீரங்கம்

அம்மாவின் இடது மேல்கையின் பின்புறத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கும் சென்சார் ஒட்டியாயிற்று. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. அதிலிருந்து முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் போகிறது. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் போனைப் பக்கத்தில் கொண்டுபோனதும் 142 என்று வந்தது.

சர்க்கரை வந்து 11 வருடம். மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 7.1 சதவீதம், டாக்டரே பாராட்டிய எண். "அப்புறம் எதுக்குடி ஐயாயிரம் ரூபா?" என்று கேட்டாள். ஏகாதசிக்கு ஏகாதசி தலை சுற்றிச் சுருண்டு படுத்துவிடுகிறாளே, அதற்குத்தான்.

10 ஜனவரி, வைகுண்ட ஏகாதசி

விடியுமுன் பரமபத வாசல் திறப்பு. கூட்டத்தில் நின்று சேவித்துவிட்டு வந்தோம். அம்மாவுக்குத் தண்ணீரும் துளசி தீர்த்தமும்தான். காலை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டாள். எடுத்துக் கொடுத்தது நான்.

11:40க்கு 88, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு. மூன்று மணிக்கு 59. நெற்றியெல்லாம் வியர்வை, விரல்களில் நடுக்கம். "விரதம்னா இப்படித்தான் இருக்கும், விடு" என்கிறாள். விரலில் குத்திப் பார்த்தேன்: 64. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். "தானியம் இல்லையேம்மா, விரதம் கெடாது" என்று கெஞ்சிய பிறகே குடித்தாள். கால் மணி கழித்து விரலில் 85. சென்சாரோ இன்னும் 62இலேயே நிற்கிறது. அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையில் ஊறும் நீரை. ரத்தத்தில் ஏறியது அங்கே போய்ச் சேரச் சில நிமிடம் பிடிக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் சர்க்கரையைக் கரைத்திருப்பேன்.

காலை மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இத்தனை வருடமாக விரதத்தின் களைப்பு என்று நாங்கள் நினைத்திருந்தது இதைத்தான். மூன்று மாத சராசரியில் ஒரு மதியத்தின் 59 எங்கே தெரியப்போகிறது? மேடும் பள்ளமும் கலந்து நல்ல எண்ணாக வந்துவிடும்.

14 ஜனவரி, பொங்கல்

முதலில் அவரைக்காய்ப் பொரியல், கூட்டு. கடைசியில் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல். சாப்பிட்ட கையோடு உத்தர வீதியில் இருபது நிமிடம் நடந்தோம். உச்சம் 191, இரண்டு மணி நேரத்தில் 150க்குள் இறங்கிவிட்டது. "நடந்ததுக்கா இறங்கினுச்சு?" என்று நாலு தடவை கேட்டாள். ராத்திரி தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

18 ஜனவரி, சென்னை

அம்மா போனைக் காட்டும்போதெல்லாம் எண் எனக்கும் வரும்படி செய்துவிட்டு வந்திருந்தேன். நேற்று இரவு 203. உடனே கூப்பிட்டு, "என்னம்மா சாப்பிட்டே?" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினொரு மணி நேரம் போனைக் காட்டவே இல்லை. சென்சார் எட்டு மணி நேரப் பதிவைத்தான் தன்னிடம் வைத்திருக்கும். அதனால் கோட்டில் மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். 70க்குக் கீழே போனால் மட்டும் பேசுவேன், மேலே போனால் அது அவள் கணக்கு.

போனை வைத்துச் செய்யக்கூடியது பெரிய கருவிகளோடு முடிவதில்லை. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 537 ஆண்களை வைத்துச் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய சோதனை 2013இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிக் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு வருடத்தில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கும், செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. சாதாரண பட்டன் போனுக்கும் வருகிற குறுஞ்செய்தி அது. ஐயாயிரம் ரூபாய் எல்லோர் கையிலும் இருக்காது. இதை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

23 ஜனவரி

14 நாள் முடிந்தது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அம்மா தனியாகவே டாக்டரிடம் போனாள். 70க்கும் 180க்கும் இடையில் இருந்த நேரம் 78 சதவீதம். 70 சதவீதம் இருந்தால் போதுமாம். டாக்டர் அதைத் தாண்டி 10ஆம் தேதிப் பக்கத்தில் நின்றுவிட்டார். "ஏகாதசிக்கு இந்த மாத்திரை வேண்டாம், மெட்ஃபார்மின் மட்டும் போதும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது அம்மாவுக்குச் சொன்னது. விரதம் இருக்கும் மற்றவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

பதினொரு வருடத்தில் விரதம் இருப்பாளா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

25 ஜனவரி, ஏகாதசி

சென்சார் இல்லை. காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் குளுக்கோமீட்டரின் படம்: 121. பன்னிரண்டுக்கு 108. மூன்று மணிக்குப் படம் வரவில்லை. மூன்றே கால் வரைக்கும் பொறுத்திருந்தேன், கூப்பிடவில்லை. மூன்று இருபதுக்கு வந்தது: 102. கீழே குரல் பதிவு: "தலை சுத்தலடி. துளசி கட்டிட்டு இருந்தேன், அதான் லேட்டு."