தெயுஸ்: விளியிலும் பன்மையிலும் கால் இடறும் இடங்கள்

லத்தீனில் கடவுளைக் குறிக்கும் தெயுஸ், ஆண்பால் சொல். ஆண்டவர் என்று பொருள்படும் தோமினுஸ் போலவே இதுவும் உருபேற்கும் என்று பாடநூல்கள் சேர்த்துப் போட்டிருக்கும். ஒருமையில் பெரும்பாலும் சரிதான். விளியும் பன்மையும் வந்தால் கதை வேறு.

உச்சரிப்பில் இரண்டு அசை, தெ-உஸ். எகரம் குறில். வழிபாட்டுப் பாடல்களில் அழுத்தம் அங்கே விழுவதால் 'தே' என்று நீண்டு கேட்கும், அதில் குற்றமில்லை.

ஒருமை உருபுகளுக்கு அட்டவணையை உருப்போடுவதைவிட, வழிபாட்டில் வரும் வரிகளைப் பிடித்துக்கொள்வது மேல். 'தெயோ கிராட்சியாஸ்' என்றால் கடவுளுக்கு நன்றி, நான்காம் வேற்றுமை. 'ஆஞ்ஞுஸ் தெயி' (கடவுளின் செம்மறி) என்பதில் ஆறாம் வேற்றுமை. 'தே தெயும் லௌதாமுஸ்' என்பதில் தெயும் இரண்டாம் வேற்றுமை. முன்னால் நிற்கும் 'தே'வுக்கும் கடவுளுக்கும் உறவில்லை, அது 'உம்மை'. 'உம்மைக் கடவுளாகப் போற்றுகிறோம்' என்று வரி விரியும்.

நிசேயா நம்பிக்கை அறிக்கையின் 'தெயும் தெ தெயோ' இன்னும் நல்ல பயிற்சி. கடவுளினின்று கடவுள் என்று பொருள். முதல் சொல் ஏன் தெயுஸ் ஆகவில்லை? பல வரிகளுக்கு முன்பே வந்துவிட்ட 'கிரேதோ இன்' (நம்புகிறேன்) இரண்டாம் வேற்றுமை கேட்கிறது, அதன் பிடி இதுவரை நீள்கிறது. பின்னால் வரும் தெயோ, 'தெ' என்ற முன்னிடைச்சொல்லுக்குக் கட்டுப்பட்ட நீங்கல் வேற்றுமை. நான்காம் வேற்றுமையும் நீங்கலும் இங்கே ஒரே உரு. தெ, எக்ஸ், கும் போன்றவை முன்னால் இருந்தால் நீங்கல். இல்லையென்றால் முதலில் நான்காவதாக வைத்துப் பொருள் பாருங்கள்.

இனி விளி. தோமினுஸைக் கூப்பிட்டால் தோமினே. தேவனே, கடவுளே என்று ஏகாரத்துக்குப் பழகிய நம் காது, அப்படியே 'தெயே' என்று எதிர்பார்க்கும். அது வராது. செவ்வியல் இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு ஒருமை விளியே கிடைப்பதில்லை. ரோமானியர்கள் யூப்பிட்டர் என்றோ வேறு பெயர் சொல்லியோ தெய்வத்தை அழைத்தார்கள். கிறிஸ்தவ லத்தீனுக்கு விளி தேவைப்பட்டபோது எழுவாய் உருவே அந்த வேலையையும் பார்த்தது. திருப்பாடல் 51-இன் தொடக்கம் 'மிசெரேரே மெயி, தெயுஸ்' (கடவுளே, எனக்கு இரங்கும்). வானவர் கீதத்தில் 'தோமினே தெயுஸ், ஆஞ்ஞுஸ் தெயி, ஃபிலியுஸ் பாத்ரிஸ்' (ஆண்டவராகிய கடவுளே, கடவுளின் செம்மறியே, தந்தையின் மகனே) என்று ஒரே மூச்சில் அழைக்கிறோமே, அதில் உரு மாறியது தோமினே மட்டும்தான். தெயுஸ், ஆஞ்ஞுஸ், ஃபிலியுஸ் மூன்றும் மாறாமலேயே விளியாக நிற்கின்றன. எழுவாய் என்று எண்ணிப் பயனிலை தேடினால் வாக்கியம் குலைந்துவிடும்.

பன்மை எழுவாய்க்குத் தி, தியி, தெயி என மூன்று உருக்கள். நான்காவதற்கும் நீங்கலுக்கும் திஸ், தியிஸ், தெயிஸ். ஆறாவது தெயோரும், பழைய உரு தெயும். இந்தக் கடைசி உருதான் பொல்லாதது. 'பாத்தெர் தெயும்' தெய்வங்களின் தந்தை, அங்கே இரண்டாம் வேற்றுமை ஒருமைக்கு வேலையில்லை. ரோமானியக் கல்லறைக் கற்களின் தலைப்பில் இரண்டே எழுத்தாய்ச் சுருங்கி நிற்கும் 'திஸ் மானிபுஸ்', இறந்தோரின் ஆவித் தெய்வங்களுக்கு என்பது. பாதாள தேவனுக்கும் திஸ் என்றே பெயர், ஆனால் அதன் ஆறாம் வேற்றுமை தீத்திஸ். பெண்பால் தெயா, பன்மையில் நான்காவதற்கும் நீங்கலுக்கும் தெயாபுஸ் ஆகும். இல்லாவிட்டால் ஆண் தெய்வங்களோடு கலந்துவிடும்.

இத்தனை குழப்பத்துக்கும் மூலம் தெய்வோஸ் என்ற பழைய உரு. ஓகாரத்துக்கு முன் வகரம் விழுந்ததால் தெயுஸ் பிறந்தது. இகரத்துக்கு முன் வகரம் தங்கிய உருக்களிலிருந்து தீவுஸ் தனிச் சொல்லாகப் பிரிந்தது. கி.மு. 42-இல் செனட் தெய்வமாக்கிய ஜூலியஸ் சீசர் 'தீவுஸ் யூலியுஸ்' ஆனது அப்படித்தான். வடமொழி தேவ, அதன் வழி வந்த நம் தேவன் எல்லாம் இதே வேர். கிரேக்கத் தியோஸ் மட்டும், ஒலி எவ்வளவு ஒத்தாலும், வேறு குடும்பம்.

கையெழுத்துப் பிரதி படிப்பவர்களுக்கு ஒன்று. புனிதச் சொற்களை முதலெழுத்தும் கடையெழுத்துமாகச் சுருக்கி மேலே கோடு போடுவது வழக்கம். 'தி' என்று படிக்கத் தோன்றும் இரண்டெழுத்தின் மேல் கோடு இருந்தால் அது தெயி, ஒருமை. கோட்டைக் கவனிக்காமல் விட்டால் ஒரே கடவுளைப் பற்றிய உரையில் பல தெய்வங்கள் முளைத்துவிடுவார்கள்.